கன்னியப்பனின் முப்பத்தொரு பக்கங்கள்

"பிரெஞ்சு எழுத்தெல்லாம் படிப்பியாமே பாப்பா, செத்தவங்க லிஸ்ட்டுல ஒருத்தர் பேரைத் தேடிக் குடுப்பியா?"

இருசப்பன் தாத்தா சுகன்யாவிடம் இப்படிக் கேட்டது தை மாதத்தில். பாகூர் கடைத்தெருவில் ரோஸ்லின் அக்காவின் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ் என்று வருகிற கூட்டம் ஓய்ந்திருந்த மத்தியான நேரம். சுகன்யா பதில் சொல்லவில்லை. யாருக்குமே சட்டென்று பதில் சொல்கிறவள் இல்லை அவள். பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சுப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் எழும்பாமல் நின்று, வகுப்பே சிரித்து, மறுநாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கண்ணால் படிக்கக் குரல் வேண்டியதில்லை என்பதால் கம்ப்யூட்டர் வேலை ஒத்துப்போனது.

"தேடுவா, தேடுவா," என்றாள் ரோஸ்லின் அக்கா. "வாயைத் தொறக்கறதுக்குத்தான் கூலி கேப்பா. நீங்க பேரைச் சொல்லுங்க."

தேட வேண்டியது தாத்தாவின் அப்பா கன்னியப்பனை. அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். 1948இல் வியட்நாம் சண்டைக்குக் கப்பலேறியபோது இருசப்பன் தாய் வயிற்றில் ஆறு மாதம். போனவர் திரும்பவில்லை, சாவுச் சேதியும் வரவில்லை. சேதி வராத மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது என்று தாத்தாவின் அம்மா ராமாயி மகனைத் தடுத்துவிட்டாள். அவள் பொட்டும் தாலியுமாகவே இருந்து, எண்பத்தொரு வயதில் மஞ்சள் பூசிக்கொண்டு பாடையேறினாள். அம்மாவின் சொல்லை மீறாமல் தாத்தாவும் இத்தனை வருஷம் அப்பாவுக்கு ஒரு படையல்கூடப் போட்டதில்லை.

சுகன்யா மூன்று மாதம் பிரெஞ்சு சர்க்காரின் இணையதளத்தில் சண்டையில் செத்தவர்கள் பட்டியலைக் குடைந்தாள். திரும்பி வராத சொல்தாவை வேறெங்கே தேடுவது? கன்னியப்பன் அதில் இல்லை. கடைசியில், பட்டாளத்து ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பம் போட்டால் அவருடைய கோப்பையே ஸ்கேன் செய்து அனுப்புவார்கள் என்று தெரிந்தது. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வைத்துச் சித்திரையில் விண்ணப்பம் போனது.

அதற்குள் ஆவணியில் தாத்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது என்றார்கள். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஆபரேஷன்.

"எழுபத்தாறு வயசு. கத்தியை வச்சா எழுந்திருப்பேனோ மாட்டேனோ," என்றார் தாத்தா. "நானும் போய்ட்டா அந்த மனுஷனுக்குத் தண்ணி விட யாரு இருக்கா? அவரு செத்தது நெசம்னு ஒரு காயிதம் வரட்டும் பாப்பா. ஞாயித்துக்கெழமை அமாவாசைக்கு முடிச்சுட்டு நிம்மதியாப் போயி படுத்துக்கறேன்."

அன்றிலிருந்து சுகன்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை திறந்ததும் மெயில், டீ குடித்ததும் மெயில், ஒரு ஜெராக்ஸுக்கும் அடுத்த ஜெராக்ஸுக்கும் நடுவில் மெயில். உட்கார்ந்தால் கால் ஆடியது.

"காலை நிறுத்துடி," என்றாள் ரோஸ்லின் அக்கா. "மேசையே நடுங்குது. இன்னா, தறியா ஓட்டற?"

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோப்பு வந்தது. முப்பத்தொரு பக்கம். சுகன்யா ஒரு கையில் போன் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். உயரம், இடது புருவத்தில் தழும்பு, கப்பலேறிய நாள், 1951 நவம்பரில் தோளில் குண்டடி. பதினோராவது பக்கத்தில் நின்றுவிட்டாள். மறுபடி படித்தாள். அகராதி தப்பாகச் சொல்கிறது என்று வேறொன்றில் போட்டுப் பார்த்தாள்.

கன்னியப்பன் 1954இல் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். குடியிருக்கும் ஊர், கரியமாணிக்கம். மனைவி பெயர் வேறு. பிள்ளைகள் மூன்று. பன்னிரண்டாவது பக்கத்தில் அவர் இறந்த வருஷம் 1979 என்று இருந்தது. அதற்குமேல் படிக்க முடியாமல் கோப்பை மூடினாள்.

கரியமாணிக்கம் எங்கோ கடல் தாண்டியா இருக்கிறது? பாகூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். இருபது வருஷம் அந்தப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர் இருசப்பன் தாத்தா. அப்பனும் மகனும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

"சொல்லாத," என்றாள் ரோஸ்லின் அக்கா. "திங்கக்கெழமை டாக்டர் நெஞ்சை அறுக்கப்போறாரு. அதுக்கு முன்ன நாம அறுக்கணுமா? பேப்பர் பூரா பிரெஞ்சு. அவருக்கு இன்னா தெரியப்போவுது?"

"பொய் சொல்லணுமாக்கா?"

"ஆபரேஷன் முடிஞ்சு வூட்டுக்கு வரட்டும். அப்பறம் நெசத்தைச் சொல்லிக்கலாம். ஓடியா போய்டும்?"

அன்று ராத்திரி சுகன்யா, தோளில் குண்டடி பட்ட நாளையே செத்த நாளாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகினாள். பாத்திரம் கழுவும்போது ஒரு தரம், துணி மடிக்கும்போது ஒரு தரம்.

சனிக்கிழமை காலை தாத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல முகச் சவரம் செய்திருந்தார்.

"வந்துடுச்சாமே. ஒண்ணு விடாம எல்லாத்தையும் பிரிண்ட் எடு. படையல்ல வச்சுக் கும்புடறேன்."

கோப்பைத் திறந்து பார்க்கக்கூட மனமில்லாமல் சுகன்யா மொத்தமாக பிரிண்ட் கொடுத்தாள். மெஷின் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"எப்பப் போனாரு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு. நவம்பர் மாசம்."

"எந்த ஊருல?"

"சைகோன் பக்கத்துல."

"சண்டையிலயா?"

"சண்டையிலதான் தாத்தா."

இவ்வளவு தடங்கல் இல்லாமல் அவள் யாரிடமும் பேசியதில்லை. தாத்தா ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, நாளையும் ஊரையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கோழையில்ல பாரு. சண்டையில போயிருக்காரு," என்றார் ரோஸ்லின் அக்காவிடம்.

"ஆமாம் பெரியவரே," என்று அக்கா குனிந்து பேப்பர் கட்டைப் பிரித்தாள்.

சூடு ஆறாத தாள்களை மடியில் வைத்து, தாத்தா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுத்து புரியாவிட்டாலும் ஒவ்வொரு தாளையும் தடவிப் பார்த்தார். பதினொன்றாவது தாளும் அப்படியே தடவலோடு தாண்டிப்போனது. சுகன்யாவுக்கு மூச்சு வந்தது.

கடைசித் தாளில் அவர் கை நின்றது.

"இது தமிழாச்சே," என்றார்.

சுகன்யா எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாவது பக்கத்துக்குமேல் அவள் பார்க்காத கோப்பு. யாரோ பழைய குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து, அதன் கீழே மைபூசிய கைநாட்டு. தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"பாகூரிலிருக்கும் ராமாயி எழுதிக்கொடுத்தது. என் புருஷன் கன்னியப்பன் பட்டாளத்திலிருந்து திரும்பி, கரியமாணிக்கத்தில் வேறு குடும்பத்தோடு இருப்பது எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்த்தேன். அவர்பேரிலோ அவருடைய பட்டாளப் பென்ஷன்பேரிலோ எனக்கும் என் மகனுக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை. 1957."

'என் மகனுக்கும்' என்ற இடத்துக்கு விரல் திரும்பிப் போனது. அங்கே வெகுநேரம் இருந்தது.

அவர் ஏதாவது கேட்கட்டும் என்று சுகன்யா காத்திருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. ரோஸ்லின் அக்கா, "பெரியவரே, தண்ணி குடிக்கறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

முப்பது தாள்களையும் ஓரம் தட்டி அடுக்கி மேசைமேல் வைத்தார். கடைசித் தாளை மட்டும் நாலாக மடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து, எழுத்து தெரியும்படி சுகன்யாவின் முன்னால் வைத்தார். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி, இன்னொரு படி என்று நிதானமாக இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்து போனார்.