பதினொரு கிளைகளில் ஒரே வெள்ளம்

வங்கியின் பொன்விழா மலருக்காக வட்டாரத்தின் பதினொரு கிளைகளும் தங்கள் வரலாற்றை எழுதி அனுப்பியிருந்தன. தொகுக்கும் வேலை வட்டார அலுவலக உதவி அதிகாரியின் தலையில் விழுந்தது. மூன்றாவது கிளையிலேயே அவளுக்கு நெருடியது. ஏழாவதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாக் கிளைகளிலும் வெள்ளம் வந்திருந்தது. எல்லாவற்றிலும் ஓர் இளம் குமாஸ்தா இடுப்பளவுத் தண்ணீரில் லெட்ஜர்களைத் தலையில் சுமந்து காப்பாற்றியிருந்தார். மலையுச்சிக் கிளையிலும்தான்.

அந்தக் குமாஸ்தா அவளுடைய அப்பா. பதினொரு கிளைகளுக்கும் மாற்றலாகிப் போனவர். போன இடமெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கிளம்பியபிறகும் கதை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

வட்டார மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: எந்தக் கிளையென்று நாளைக் காலைக்குள் உறுதியாகாவிட்டால் வெள்ளத்தை மொத்தமாக எடுத்துவிட வேண்டும். அப்பாவோ, தன்னைப் பற்றி அச்சில் ஒரு வரி வராதா என்று ஓய்வுபெற்ற நாளிலிருந்து காத்திருப்பவர்.

அன்று மாலை வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பதினொரு கிளை என்றதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதில் நிஜமான கிளை எது என்றதும் கத்தி நின்றது.

சந்தைத் தெருக் கிளைதான் என்றார், வெங்காயத்தைப் பார்த்தபடி. "ஆனா எழுதாதம்மா. அந்த வருஷம் மழையே பெய்யலன்னு யாராவது கிளம்பிடுவாங்க."

"மழை இல்லாம வெள்ளம் எப்படிப்பா வரும்?"

"மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுட்டு, அணைக்காம சினிமாவுக்குப் போனா வரும்."

யார் போனது என்று அவள் கேட்கவில்லை. எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்டாள். கணுக்கால் வரை என்றார். லெட்ஜர்களைத் தூக்கியது மட்டும் சத்தியமாக நிஜமாம். அதை அவள் நம்பினாள்.

மறுநாள் சந்தைத் தெருக் கிளையின் பக்கத்தில் எழுதினாள்: 'இரண்டாம் ஆண்டில் கிளைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்தது. குமாஸ்தா ஒருவர் ஒரு லெட்ஜரும் நனையாமல் காப்பாற்றினார்.' மற்றப் பத்துக் கிளைகளிலும் தண்ணீர் வடிந்தது.

மேலாளர் இரண்டு முறை படித்தார். கணுக்கால் என்றால் நிஜமாகத்தான் இருக்கும், பொய் சொல்கிறவன் இவ்வளவு குறைத்துச் சொல்லமாட்டான் என்று கையெழுத்துப் போட்டார்.

அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் ஒலி கேட்டது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். "முழங்கால்னு போட முடியாதா?"