இரண்டாவது ஆள்

பதினொன்று நாற்பத்திரண்டு. திரையில் அக்கா கடைசியாகத் தட்டிய வரிக்கு முன்னால் அந்த நேரம் இருந்தது.

தம்பி அவளுடைய நாற்காலியை மேசையருகே இழுத்தான். ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட யாரோ அதைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். இப்போது மணி ஒன்று பத்து. இதே நாற்காலியில் மயங்கிச் சரிந்த அக்கா இறந்துவிட்டதாக டாக்டர் சொல்லி நாற்பது நிமிடம் ஆகிறது. மேலாளர் கார் அனுப்பி அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்திருந்தார். இந்த மெஷினைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மீதி இருப்பவன் அவன்.

"ஓட விட்டுடலாமாப்பா?" மேலாளர் பின்னால் நின்று கேட்டார். "கீழ தாள்ல எழுதி வண்டி அனுப்பிட்டிருக்காங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு வண்டி போயிருக்கு. இன்னொரு வீட்டுக்கு ஒண்ணுமே போகல."

"இருங்க."

நகரத்தின் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் புரோகிராம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிக்குள், தனிக் கணினிபோல இயங்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடியது. பழைய புரோகிராம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டிப் பட்டியலைப் பூட்டிக்கொள்ளும், திறக்காது. அப்போது மெஷினை நிறுத்தி, நினைவகத்தில் பூட்டுக்குரிய ஒரு பைட்டைக் கையால் பூச்சியமாக்கி, மறுபடி ஓடவிட வேண்டும். அரை நிமிட வேலை. ஒருவர் தட்ட வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அக்கா வைத்த விதி. "எனக்குக் கை, உனக்குக் கண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான்டா ஒரு முழு ஆளு" என்பாள். அவன் தாமதமாக வந்தால், "மகாராஜா எழுந்தருளியாச்சா?" என்பாள்.

தட்டியதையெல்லாம் நேரத்தோடு பதிந்துவைக்கும் லாகைப் படித்தான். பதினொன்று முப்பத்தொன்றுக்கு மெஷினை நிறுத்தியிருக்கிறாள். பிறகு பதினொரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்டோர் என்ற கட்டளை, நினைவகத்தில் அந்தப் பைட்டின் முகவரி, பூச்சியம் பூச்சியம். அதற்குக் கீழே மெஷினின் பதில்: ஸ்டோர் கம்ப்ளீட், எழுதியாயிற்று.

அவன் மறுபடி படித்தான்.

ஒரு பைட்டை மட்டும் மாற்ற முகவரிக்கு முன்னால் ஓர் எஸ் போட வேண்டும். போடாவிட்டால் நான்கு பைட் சேர்ந்து மாறும். மிச்ச இடத்தை மெஷினே பூச்சியத்தால் நிரப்பும். இருபது வருடமாக அக்கா போட்ட எஸ் அந்த வரியில் இல்லை.

அந்த இடத்தில் இப்போது இருப்பதைக் காட்ட டிஸ்ப்ளே கொடுத்தான். எட்டுப் பூச்சியம்.

"என்னாச்சு?"

"பூட்டு திறந்திருக்கு. ஆனா பக்கத்துல இருந்ததும் போயிடுச்சு. வண்டிப் பட்டியல் எங்க ஆரம்பிக்குதுங்கிற முகவரி. இப்ப ஓட விட்டா பட்டியல் கிடைக்காம விழுந்துடும். எந்த வண்டி எங்க இருக்குங்கிறதும் அதோட போயிடும்."

"பழைய முகவரி லாக்ல இருக்குமே? மாத்துறதுக்கு முன்னாடி பார்க்கணும்னு அவங்கதானே எல்லாரையும் திட்டுவாங்க."

"இன்னிக்கு அவளே பார்க்கல."



தம்பியின் போன் அதிர்ந்தது. அத்தான்.

"எங்கடா போயிட்ட? எடுத்துட்டுப் போலாம்னு சொல்றாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"வந்துடறேன் அத்தான். கொஞ்ச நேரம்."

போனைக் கவிழ்த்து வைத்தான். சோதனைக்கு என்று அதே புரோகிராமின் நகல் இன்னொரு விர்ச்சுவல் மெஷினில் இருந்தது. அதற்குள் போய் அதே இடத்தைப் பார்த்தான். 00029180. எழுதிக்கொண்டான். நகலில் இருப்பதுதான் இங்கேயும் இருந்தது என்பதற்கு யாரும் சாட்சி இல்லை. திரும்பி வந்து, நின்றுபோன மெஷினில் 29180ஐக் காட்டச் சொன்னான். வலது ஓரத்தில் எழுத்துகள் வந்தன. வண்டி எண்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினொன்று முப்பத்தொன்றில் எங்கே நின்றனவோ அங்கேயே.

அக்காவுக்கு வந்த வண்டி அந்தப் பட்டியலிலிருந்து வரவில்லை. தாளில் எழுதி அனுப்பியது. வந்துசேர இருபத்தாறு நிமிடம் ஆனது.

"பக்கத்துல வந்து நில்லுங்க" என்றான். "நான் தட்டுறத வாய்விட்டுப் படிங்க."

"எனக்கு இது புரியாதுப்பா."

"புரிய வேண்டாம். படிங்க."

மேலாளர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். எஸ். இரண்டு, ஏழு, மூன்று, நான்கு, பூச்சியம். பிறகு தாளில் எழுதிவைத்த எட்டு இலக்கம். தம்பி தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். விரல் என்டர் மேல் நின்றது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு அழுத்தினான்.

ஸ்டோர் கம்ப்ளீட். தப்பாகப் போட்டாலும் இதையேதான் சொல்லும். மறுபடி பார்த்தான். 00029180.

ஓடவிட்டான். திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு வரிகள் மேலேறத் தொடங்கின. மாடிப்படியில் யாரோ, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே இறங்கினார்கள்.

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரிப்போர்ட் நான் பார்த்துக்கறேன். அவங்க தப்பாப் போட்டதுன்னு ஒரு வரி எழுதினாப் போதும். அவங்கள இனிமே யார் என்ன கேக்கப் போறாங்க?"

"தப்பாத்தான் போட்டா. பக்கத்துல நான் இருந்திருக்கணும். அதையும் எழுதுங்க."

"நீ எங்க இருந்த?"

"கேன்டீன்ல."

"உன்னைக் கூப்பிடாம அவங்களே செஞ்சிருந்தா நீ என்ன பண்ணுவ? அப்படித்தானே நடந்தது?"

தம்பி கவிழ்த்து வைத்த போனை எடுத்தான். பதினொன்று முப்பத்தாறு. எடுக்காத அழைப்பு ஒன்று. அப்போது கையில் டீ இருந்தது. "அரசியார் கூப்பிடறாங்க, குடிச்சிட்டுப் போறேன்" என்று அவன் சொன்னபோது மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"கூப்பிட்டா" என்றான்.

மேலாளர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வேலை போயிடும்பா. இன்னிக்கே சொல்லணும்னு என்ன?"

"எழுதுங்க."

ஆஸ்பத்திரியில் அத்தான் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அக்காவின் கண்ணாடி, கடிகாரம், போன், அலுவலக அட்டை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

"மெஷின் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்பாடா." நகர்ந்து இடம் கொடுத்தார். "இல்லன்னா அவ அதையேதான் நினைச்சிட்டு இருப்பா."

தம்பி உட்கார்ந்தான். எதிரே ஓர் ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் போனதும் இறக்கினார்கள்.

அத்தான் கவருக்குள் கைவிட்டு அக்காவின் போனை எடுத்தார். திரையை உள்ளங்கையால் துடைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கடைசியா உனக்குத்தான்டா கூப்பிட்டிருக்கா. என்ன சொன்னா?"