நடுவில் ஒரு ஆள்

மாமி லினாவின் ஷூக்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நீலக் கான்வாஸ் ஷூ, இடது கால் விரல் பக்கம் கொஞ்சம் பிய்ந்தது. லினாவுக்குப் பெரிய கால், மாமிக்குச் சின்னக் கால். முன்னால் துணியைச் சுருட்டி அடைத்திருக்க வேண்டும், ஷூவின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சிபாயாக் எரிமலையின் அடிவாரத்தில் ஏறுகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் கொட்டகைக்குப் பக்கத்தில், வெற்றிலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

முதுகைக் காட்டியது கோபத்தில் அல்ல. எங்கள் காரோ ஜனங்களின் ஊர்களில் மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. ரெபு என்போம். தொடக் கூடாது, ஒரே பாயில் உட்காரக் கூடாது, ஒரு தம்ளர் தண்ணீரைக்கூடக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆளே இல்லாத இடத்தில் சுவரோ தூணோ போதும். "செவுரே, மாப்பிள்ளைகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்றால் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிடுவான். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் மாமியாரோடு நேருக்கு நேர் பேசி என்ன வாழ்கிறதாம்?

எங்களுக்கு நடுவில் ஒன்பது வருடம் என் மனைவி லினா இருந்தாள். அவளுக்குச் சுவரைவிட வாய் அதிகம். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி போடு" என்பார் மாமி. இவள் என் பக்கம் திரும்பி, "அம்மா சொல்றாங்க, தின்னது போதும், எந்திரிங்க" என்பாள். மாமி சிரித்துச் சிரித்து இருமிவிடுவார். நான் தட்டைப் பார்த்துச் சிரிப்பேன். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் மாமியும் நானும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றுகூட அவர் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாக அழுதோம்.

முந்தாநாள் மச்சான் எஸ்ரா, லினாவின் தம்பி, வந்து வாசலில் நின்றபடியே சொன்னான். "அம்மா உங்ககூட மலைக்கு வரணுமாம் மச்சான். அக்கா பேரு எழுதியிருக்கற இடத்தப் பாக்கணுமாம்."

"யாரு சொன்னா அவங்களுக்கு?"

"சந்தையில உங்க கைடு கூட்டாளிங்களுக்கு வேற என்ன வேல?"

"அப்ப நீயும் வா."

"எனக்கு கோஸ் லோடு இருக்கு. யாராச்சும் வெள்ளக்காரங்க வருவாங்கள்ல, அவங்கள நடுவுல வச்சுப் பேசிக்குங்க." அதைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வந்த வெள்ளைக்காரி ஹில்க்கா. ஃபின்லாந்து. அறுபது வயதிருக்கும், நிலைப்படியில் குனிந்து போக வேண்டிய உயரம், தனியாள். காலையில் கிளம்பி எரிமலை வாயைப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு. மாமி அவளை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டு நேராக அவளிடம் போய் எங்கள் பாஷையிலேயே பேசினார்.

"வெள்ளக்காரம்மா, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் வருவேன். அவரு பாட்டுக்கு ஓடிற வேணாம்."

ஹில்க்கா திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். இவர் என் மாமியார், உங்களிடம் பேசவில்லை, உங்கள் வழியாக என்னிடம் பேசுகிறார், நீங்கள் தலையை ஆட்டினால் போதும் என்றேன்.

"கோபமா இருக்காங்களா?"

"இல்ல, மரியாத."

"எங்க ஊர்ல யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. நடுவுல ஆளும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, மாமியைப் பார்த்து மிகவும் பொறுப்பாகத் தலையை ஆட்டினாள். மாமிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து இலையில் சுற்றிய சிம்பா பலகாரம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, இன்னொன்றையும் வைத்து, "அது மாப்பிள்ளைக்கு" என்றார். தேங்காயும் பனைவெல்லமும் வைத்தது. லினா செய்தால் வெல்லம் ஒழுகும். மாமியின் கை அளவு தவறாது.

ஏறத் தொடங்கினோம். உடைந்த தார் ரோடு முடிந்து காட்டுப் பாதை வந்தது. தாழை வேர்களுக்கு நடுவே ஈரமான படிகள். நான் முன்னால், ஹில்க்கா நடுவில், மாமி கடைசியில். வழக்கமாக இந்த இடத்தில் நான் செடிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போவேன், இரண்டு மூன்று பழைய ஜோக் வைத்திருக்கிறேன், அதையும் சொல்வேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் துணி அடைத்த ஷூக்களின் சத்தம் தொப்பு தொப்பென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஷூக்களை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பாதி வழியில் மாமி நின்றார். ஒரு வேரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். பிறகு ஹில்க்காவைப் பார்த்து, "அம்மா, மாப்பிள்ளைகிட்ட கேளு, இங்கல்லாம் போனு சிக்னல் கெடைக்குமா?" என்றார்.

ஹில்க்கா தலையை ஆட்டினாள். "மேல கெடைக்கும்" என்று ஹில்க்காவிடம் எங்கள் பாஷையில் சொன்னேன். அவள் அதற்கும் தலையை ஆட்டினாள். மாமி சுண்ணாம்பு டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. லினாவுக்கு ஐந்தாம் மாதம், ஒன்பது வருடம் கழித்துத் தங்கியது, அதனால் நாங்கள் போகவில்லை. மத்தியானம் ரத்தம் போக ஆரம்பித்தது. "அம்மாவ கூப்பிடுங்க" என்றாள். மாமி பக்கத்து ஊர், முட்டி வலி என்று அவரும் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில்தான் வரும். ஓடிப் போய் முதலில் வண்டிக்காரனைக் கூப்பிட்டேன். அரை மணியில் வருகிறேன் என்றான். பிறகு மாமியின் எண்ணை அழுத்தினேன். அதுவரை ஒரு நாளும் அவருக்கு நான் போன் செய்ததில்லை. எடுத்தார். "யாரு?" என்றார். என் வாய் திறக்கவில்லை. ஒன்பது வருடம் மூடிப் பழகிய வாய். "யாருங்க?" என்றார் மறுபடி. பிறகு அவரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு லைனும் அறுந்துவிட்டது.

உயிர் போகிற நேரத்தில் ரெபு கிடையாது, நேராகவே பேசலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது வேண்டாமென்றால் தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மரம் நின்றது. "மரமே, மாமிகிட்ட சொல்லு" என்று ஒரு வார்த்தை போதும், பதினைந்து நிமிடத்தில் யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்திருப்பார். எனக்கு அந்த மரம் கண்ணில் படவே இல்லை. யாராவது ஆள் கிடைப்பார்களா என்று பூட்டிய வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டி நின்றது. ஏற்றும்போது லினா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், லாரிகளுக்கு நடுவே, என் மடியில் போனாள். அவள் அம்மா வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். பிழைப்பதற்காகவா அவள் கேட்டாள்? "போன் போட்டேன், சிக்னல் இல்ல, போகல" என்று எஸ்ராவிடம் சொன்னேன். அது மாமிக்குப் போய்ச் சேர்ந்தது. என் எண் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஏழு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

எரிமலை வாயின் விளிம்பை அடைந்தபோது மணி பத்தரை. எதிரே சினாபுங் மலை தலையை மேகத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்துக்குள் இறங்கும் சரிவில் கூழாங்கல் வழுக்கும், இங்கேதான் எல்லோருக்கும் நான் கை கொடுப்பேன். மாமிக்குக் கொடுக்க முடியாது. ஒரு கழியை ஒடித்து ஹில்க்காவிடம் கொடுத்தேன், அவள் மாமியிடம் கொடுத்தாள். அப்படியும் மாமி ஒரு இடத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். என் கை தானாக நீண்டது, மாமி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் ஹில்க்கா ஒரு கையால் என்னையும் ஒரு கையால் மாமியையும் பிடித்துக்கொண்டாள். அப்படியே மூவரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினோம்.

பள்ளத்துத் தரை தட்டையானது. மழை இல்லாத மாதங்களில் நடுவிலிருக்கும் தண்ணீர் வற்றி, வெளுத்த சேறு காய்ந்து கிடக்கும். வருகிறவர்கள் கற்களைப் பொறுக்கி அதில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். காதலர்கள், பள்ளிக்கூடங்கள், மோட்டார் சைக்கிள் சங்கங்கள். லினாவின் பெயர் கொஞ்சம் மேட்டில், தண்ணீர் ஏறாத இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்தது, இங்கிலீஷ் எழுத்தில் நான்கு எழுத்து. ஒவ்வொரு முறை வரும்போதும் நான் சரி செய்வேன். ஏனென்றால் கல் திருடுகிறவர்கள் எரிமலைக்குள்ளும் இருக்கிறார்கள். அன்றைக்கு மூன்றாம் எழுத்தில் பாதியைக் காணவில்லை, பக்கத்தில் புதிதாக யாரோ ஒரு ரிக்கோ ஒரு இதயத்துக்குள் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து ரிக்கோவின் இதயத்தைப் பிரித்து எடுத்து என் மனைவியின் பெயரை அடைத்துக்கொண்டிருந்தேன். ஹில்க்கா ஏதோ புரிந்தவள் போல, ஆவி வரும் பாறைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தூரமாகப் போய்விட்டாள்.

மாமியும் நானும் மட்டும். நடுவில் ஆள் இல்லை.

மாமி என் முதுகுக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மூன்றாம் எழுத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தது தெரிந்தது. பாறை இடுக்குகளில் ஆவி பெரும் இரைச்சலோடு சீறிக்கொண்டிருந்தது, மெதுவாகப் பேசினால் காதில் விழாது. அதனால் மாமி அந்தக் கல்லிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கல்லே! மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அன்னைக்கு போனு வந்துச்சு."

கையிலிருந்த ரிக்கோவின் கல்லைக் கீழே வைத்தேன்.

"யாருன்னு ரெண்டு தடவ கேட்டேன். பதிலு இல்ல. போனப் போட்டுட்டுப் பேசாம நிக்கிற ஆளு இந்த ஒலகத்துல எனக்கு ஒருத்தருதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. சொல்லு கல்லே, தெரிஞ்சும் வச்சுட்டேன்னு சொல்லு. 'எம்மவளுக்கு என்ன?'ன்னு கேக்க வாய் வரல. எதிர்ல செவுரு இருந்துச்சு. அடுப்பு இருந்துச்சு. பூன இருந்துச்சு. எதுகிட்டயும் கேக்கல. மறுபடி அடிக்கும்னு மடியில போன வச்சுக்கிட்டு பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

இருமல் வந்தது. இருமி முடித்தார்.

"சிக்னல் இல்லேன்னு அவரு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. அவ என்னையக் கேட்டாளா?"

கல் தரையில் வைக்கப்பட்டது. மெல்ல உருட்டி என் குதிகால் பக்கம் தள்ளிவிட்டார். நான் எடுத்தேன். அதில் அவர் கைச்சூடு இருந்தது. ஒன்பது வருடத்தில் அவர் கை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இல்லை என்று சொல்லிவிடலாம், நினைவு தப்பிவிட்டது, யாரையும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம், இன்னும் ஏழு மாதம் ஓடிவிடும். எனக்கு அழுகை வந்தது. கல்லை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், நானும் கத்தினேன்.

"கல்லே, மாமிகிட்ட சொல்லு. கேட்டா. மொதல்ல அவங்களத்தான் கேட்டா. தெருவப் பாத்துக்கிட்டே இருந்தா. நாந்தான் வாயத் தொறக்கல."

கல்லை எனக்குப் பின்னால் வைத்து உருட்டிவிட்டேன். ஆவி இரைந்தது. தூரத்தில் ஹில்க்கா கேமராவைத் தூக்கி எங்களைப் பார்த்தாள், பிறகு படம் எடுக்காமலே இறக்கிவிட்டாள்.

மேகம் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியது, இனி நிற்க முடியாது. நான் எழுந்து திரும்பியபோது மாமி ஏற்கெனவே ஹில்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். நான் உருட்டிவிட்ட கல் தரையில் இல்லை, லினாவின் மூன்றாம் எழுத்தில் அதன் இடம் காலியாக இருந்தது. வேறொன்றை எடுத்து அதில் வைக்கக் குனிந்தேன், வைக்கவில்லை. மேலே, புகைக்குள், நீல ஷூக்கள் வழுக்கி வழுக்கி ஏறின. மாமியின் வெற்றிலைப் பை ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியது.