மூலை நெல்

மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டுக் காஸ்மிரோ ஒதுங்கி நின்றான். வயல்தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் இறங்கியது. "இந்தத் தடவை தண்ணிய சீக்கிரமே வடிச்சிரு மீரோ, வயலு நல்லாக் காயணும்" என்று வயல்காரர் ஹசிந்தோ சொல்லியிருந்தார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீரோ அதோடு விடவில்லை. நடுவயலில் எப்போதும் தேங்கிக் கிடக்கும் பள்ளத்துக்கும், கதிர் நோகாமல் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் கீறி, அந்தத் தண்ணீரையும் இழுத்துவிட்டான்.

"என்னய்யா, செருப்புப் போட்டுக்கிட்டு அறுக்கப் போறியா?" என்றாள் அவன் மனைவி பெலென். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உனக்காகத்தான்டி. போன தடவை சேத்துல மாட்டிக்கிட்டு அழுதியே."

"நானா அழுதேன்? அட்டை கடிச்சதுக்கு மாதாவையே கூப்பிட்டது யாரு?"

தூளிக்குள் குழந்தை லிகாயா சிரித்தது. அப்பனைக் கேலி செய்தால் அதற்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தில் களை எடுப்பதற்குக் கூலி கிடையாது. யார் களை எடுக்கிறார்களோ அவர்களுக்கே அந்த வயலை அறுக்கும் உரிமை. அறுத்து அடித்ததில் ஆறில் ஒரு பங்கு அவர்களுடையது. எழுத்து, கையெழுத்து எதுவும் இல்லை. அப்பன் காலத்திலிருந்து வாய்ப்பேச்சுதான். பிள்ளை பெற்ற உடம்போடு பெலென் இந்த வயலில் குனிந்து களை பறித்திருந்தாள். குழந்தை அழும்போதெல்லாம் வரப்பேறி, சேற்றுக்கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பால் கொடுத்துவிட்டு மறுபடி இறங்குவாள்.

குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்க ஊருக்கு வந்திருந்த ஏஜென்ட் அம்மாள் இரண்டு முறை குடிசைக்கு வந்து போய்விட்டாள். ரெண்டு வருஷ ஒப்பந்தம், கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்றாள். "அறுப்பு முடியட்டும்க்கா, அப்புறம் சொல்றேன்" என்று பெலென் அனுப்பிவிட்டாள். பங்கு நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் சோற்றுக்குப் பயமில்லை. அவள் எங்கேயும் போக வேண்டாம்.

அறுப்பு நாளன்று இருவரும் அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு விடியும்போதே வந்துவிட்டார்கள். ரோட்டோரத்தில் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து பலகை வழியாக மஞ்சள் நிற அறுவடை மெஷின் உறுமிக்கொண்டு இறங்கியது.

மீரோவுக்கு முதலில் விளங்கவில்லை. "இது எந்த வயலுக்கு அண்ணே?"

ஹசிந்தோ தொப்பியைக் கழற்றி மாட்டினார். லிகாயாவுக்கு ஞானத்தகப்பன் அவர். ஞானஸ்நானத்தன்று கோழியும் அரிசியும் கொண்டுவந்து கொடுத்தவர். "புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்றான் மீரோ. நீங்க ரெண்டு பேரும் அறுத்து முடிக்கிறதுக்குள்ள அம்புட்டும் படுத்துரும். ஊரு முன்னேறுது, நாம மட்டும் அரிவாளப் புடிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

"நாங்க களை எடுத்தோமே அண்ணே."

"யாரு இல்லன்னா? அதுக்குக் கூலி போட்டுக் குடுத்துடறேன்."

"நாங்க கூலிக்கு எடுக்கலயே. அறுக்கறதுக்குத்தானே எடுத்தோம்."

ஹசிந்தோ மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மெஷின் ஓட்டுகிறவன் வயலில் இறங்கி, குதிகாலால் நாலைந்து இடத்தில் மிதித்துப் பார்த்தான். "அட, தரை சிமென்ட்டு மாதிரி இருக்கே! பக்கத்து ஊருல மெஷினு வயிறு வரைக்கும் பொதைஞ்சு போச்சு சார். இங்க தண்ணி வடிச்சது யாரு?"

"நம்ம ஆளுதான்" என்று ஹசிந்தோ மீரோவின் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்."

நடுவயலில் தான் கீறிய வாய்க்கால் இருந்த பக்கம் மீரோ பார்த்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நாலு மூலையை மட்டும் கையால அறுத்துக் குடுத்துரு மீரோ. மெஷினு திரும்ப எடம் வேணும்ல? மூலை நெல்லு பூரா உனக்குத்தான், எனக்குப் பங்கு வேணாம்."

மீரோ அரிவாளைத் தரையில் போட்டான். "மாட்டேன் அண்ணே. என் கையால மாட்டேன்."

பெலென் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்தாள். கீழே கிடந்த அரிவாளை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அறுய்யா" என்றாள். "நாம அறுக்காட்டி அந்த மெஷின்காரன் அறுப்பான். அந்த நெல்லும் போயிரும்." ஹசிந்தோவை ஏறிட்டும் பார்க்காமல் முதல் மூலையில் இறங்கிக் குனிந்தாள். மீரோ அடுத்த மூலைக்குப் போனான். அவன் தோளால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அறுத்தான்.

அவர்கள் திறந்துவிட்ட இடத்தின் வழியாக மெஷின் உள்ளே போனது. பெலென் மூலைக் கதிர்களைக் கட்டி முடித்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, எழுந்து பார்க்கும்போது வயலில் வெறும் நெல்தாள்தான் நின்றது. மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புயல் அந்தப் பக்கம் வரவேயில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நல்ல வெயில் அடித்தது.

மூலை நெல்லை மீரோ முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போட்டான். பாதிப் பாயைக்கூட அது மூடவில்லை. அவன் அதையே திரும்பத் திரும்பக் கையால் பரப்பிக்கொண்டிருந்தான்.

"ஏஜென்ட் அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்" என்றாள் பெலென் உள்ளேயிருந்து. "புள்ளைக்கு இப்பவே பால் மறக்கடிக்கச் சொல்லுது."

மீரோ தலைநிமிரவில்லை. "ரெண்டு வருஷம்டி" என்றான்.

"தெரியும்."

வேலியில் படர்ந்திருந்த பாகல் இலையைப் பறித்து, கல்லில் நசுக்கி, சாற்றைப் பிழிந்து மார்பில் தடவிக்கொண்டாள். பிறகு குழந்தையை மடியில் எடுத்தாள். லிகாயா ஆசையாக வாய் வைத்தது. முகத்தைச் சுளித்தது. வீறிட்டு அழுதது. அழுது ஓய்ந்து, யாரோ செய்த குற்றத்தை அம்மாவிடம் முறையிடுவது போல அவள் முகத்தையே பார்த்தது.

பிறகு அதே மார்புக்கு மறுபடியும் வாயைத் திறந்தது.