பிடிச்சுக்கொண்டு போற மாமா

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஒஸ்லோவின் புறநகர் புருசெத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் உதயகுமாரி ஒரு கையில் காய்கறி வாங்கும் பையும் மறுகையில் மகளுமாக இருந்தாள். வெளியே மாசி மாதத்துப் பனி. உள்ளே சனம் நெருக்கம்.

மகள் ஹம்சிகாவுக்கு இன்னும் இரண்டு கிழமையில் நாலு வயது. நாலு வயதுப் பிள்ளை ரயிலில் என்ன செய்யும்? கம்பியைப் பிடித்துச் சுற்றும், யன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதிப் படம் கீறும், முன்னால் இருக்கிறவரின் தொப்பியைக் காட்டி "அது ஏன் அப்பிடி?" என்று கேட்கும். ஹம்சிகா மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தாள். உதயகுமாரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

"இஞ்சை பார், அந்தா நிக்கிறார் ரிக்கற் பாக்கிற மாமா. குழப்படி விட்டால் பிடிச்சுக்கொண்டு போய்ப் பூட்டிப் போடுவார். பேந்து அம்மா வரமாட்டன்."

பிள்ளை அப்படியே ஒடுங்கிப்போனாள். தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தவள் பிறகு அசையவேயில்லை. உதயகுமாரிக்கு இது பெருமை. ரிக்கற் பார்ப்பவர், பொலிஸ், தபால்காரர், பல் வைத்தியர் என்று ஒஸ்லோவில் சீருடை போட்ட ஒருத்தரையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாவம், அந்த மனிசர் தங்கள் பாட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர் இருக்கையில் மரியகொறற்றி இருந்தாள். உதயகுமாரி இருக்கும் தொடர்மாடியிலேயே இரண்டு மாடி மேலே இருப்பவள், பிலேந்திரனின் மனைவி. அவள் மகன் சயூரன் ஹம்சிகாவுக்குப் பதினொரு நாள் மூப்பு. தாயும் மகனும் குனிந்து சனங்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உந்த மண்ணிறச் சப்பாத்து இண்டைக்கு எங்கை போயிட்டு வருது?" என்று மரியகொறற்றி குசுகுசுத்தாள்.

"காட்டுக்கு. கரடி பாக்க."

"ஐயையோ! கரடி என்ன சொன்னது?"

"நித்திரை, பேந்து வா எண்டு சொன்னது!"

தாயும் மகனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரி சொல் விளங்காமலே சேர்ந்து சிரித்தாள். உதயகுமாரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அசல் வீட்டுக்காரி அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் என்பார்கள். உதயகுமாரியின் வீட்டில் அம்மிதான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. சயூரன் முதலில் நடந்தான், இவளுக்கு எரிச்சல். சயூரன் கடையில் விழுந்து புரண்டு அழமாட்டான், அதற்கும் எரிச்சல். போதாக்குறைக்குக் கணவன் இந்திரகுமார் வேறு.

"சயூரனைப் பாரும், எவ்வளவு அமைதி. உமக்கு ஒரு பிள்ளையை இருத்தி வைச்சிருக்கத் தெரியேல்லை" என்று அவன் சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இவனும் லேசுப்பட்டவன் இல்லை. தான் ஒருநாளாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறியிருந்தால் அந்தக் கதை கதைத்திருக்க மாட்டான்.

அடுத்த கிழமை ஞாயிறு ஒரு கலியாணம். எங்கள் சனத்தின் கலியாணம் தெரியும்தானே. அழைப்பிதழில் ஒன்பது மணி என்றிருக்கும், பதினொன்றரைக்குத்தான் மாப்பிள்ளையின் கார் வரும். இடைப்பட்ட நேரத்தில் மண்டபம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். ஹம்சிகா சேலைத் தலைப்பை இழுத்துக் கொட்டாவி விட்டு அழுதாள். சயூரனோ தாயின் மடியில் இருந்து, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"எப்பிடித்தான் கொறற்றி பிள்ளையை வைச்சிருக்கிறாவோ!" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த புஷ்பமலர் வியந்தாள்.

அந்த ஒரு சொல்லில்தான் உதயகுமாரியின் வாய் வழுக்கியது. "உமக்குத் தெரியாதே? மருந்து குடுக்கிறா. சளித் தடிமனுக்குக் குடுக்கிற பாணி மருந்து. அதைப் பருக்கினால் பிள்ளை மயங்கிப்போய்க் கிடக்கும்தானே."

"உண்மையாவோ?"

"நான் கண்ணாலை கண்டனான்."

கண்ணால் கண்டது ஒரு மண்ணுமில்லை. ஆனாலும் சொல்லி முடித்தபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. புஷ்பமலர் காதில் விழுந்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து வீடு வீடாகப் போயிற்று. மரியகொறற்றியிடம் பின்னேரங்களில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண் விடுவதை நிறுத்திவிட்டாள். யாரும் காரணம் சொல்லவில்லை.

பிள்ளைகளின் பேச்சையும் வளர்ச்சியையும் பார்க்கும் நாலு வயதுப் பரிசோதனைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. சயூரனுக்கு ஒன்பதரை, ஹம்சிகாவுக்குப் பத்து மணி. உதயகுமாரி காத்திருந்த சந்தர்ப்பம் இதுதான். ஹம்சிகா தமிழிலும் நோர்வே மொழியிலும் முப்பது வரைக்கும் எண்ணுவாள், நிறமெல்லாம் சொல்லுவாள். ஒரு கிழமையாகக் குளிக்க வார்க்கும்போதும் சோறு தீத்தும்போதும் இதே பாடம். தாதி "கெட்டிக்காரி" என்று சொல்ல வேண்டும், அது மரியகொறற்றியின் காதில் விழ வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

சுகாதார நிலையத்தின் வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். காத்திருக்கும் அறையில் இருந்தே அந்தச் சப்பாத்து வரிசை தெரியும். சயூரன் பரிசோதனையை முடித்துக்கொண்டு துள்ளி வந்தான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தாயும் மகனும் அங்கேயே இருந்தார்கள். ஹம்சிகாவின் முறைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் கதிரையில் ஏறினாள், இறங்கினாள், பிறகு மெல்ல நகர்ந்து மரியகொறற்றியின் முழங்காலடியில் போய் நின்றாள்.

"வாடி குஞ்சு" என்றாள் மரியகொறற்றி.

உதயகுமாரிக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. போயும் போயும் என் பிள்ளையும் இவளிடமா? எழும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஹம்சிகா சிணுங்கினாள்.

"வாயை மூடு! சத்தம் போட்டால் உள்ளை இருக்கிற வெள்ளைச் சட்டை அன்ரி கதவைத் திறந்துகொண்டு வந்து உன்னைப் பிடிச்சுக்கொண்டு போவா!"

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட தாதி நின்றாள்.

"ஹம்சிகா! வாறியா?"

பிள்ளையின் முகத்தில் இரத்தமே இல்லை. உள்ளே போனதும் தாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்தவள் கையை எடுக்கவில்லை. தாதி பூனைப் படம் காட்டினாள், பந்து காட்டினாள், நிறக்கட்டைகளைப் பரப்பினாள். ஹம்சிகா ஒரு சொல் பேசவில்லை.

"முப்பது வரைக்கும் எண்ணுவாள்! வீட்டில் வாய் ஓயாது!" என்று உதயகுமாரி தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் மன்றாடினாள். பிறகு பிள்ளையின் காதுக்குள், "கதையடி, ராசாத்தி, கதை" என்றாள்.

தாதி அவசரப்படவில்லை. "இப்படியே ஒன்றும் பேசாவிட்டால் காதையும் பேச்சையும் ஒரு நிபுணர் பார்க்க வேண்டும் என்று நான் எழுத வேண்டியிருக்கும். பயப்படாதீர்கள். கொஞ்சம் வெளியே இருங்கள், இன்னொரு தடவை முயற்சி செய்வோம்."

வெளியே வந்ததும் ஹம்சிகா கையை உதறிவிட்டு ஓடிப்போய், சப்பாத்து வரிசைக்குப் பக்கத்தில் இருந்த, ஆட்கள் உட்காரும் நீள வாங்குக்குக் கீழே நுழைந்துகொண்டாள். உதயகுமாரி கெஞ்சினாள், இனிப்பு காட்டினாள், கடைசியில் அழுதே விட்டாள். கெட்டிக்காரி என்று கேட்க வந்த இடத்தில் என் பிள்ளை ஊமை என்று எழுதப் போகிறார்களே!

மரியகொறற்றி எழும்பி வந்தாள். குளிர்க்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிலத்தில் முழங்காலில் இருந்தாள். சயூரனும் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"சயூ, உந்தச் சிவப்புச் சப்பாத்து எங்கை போயிட்டு வந்தது?"

"எனக்குத் தெரியேல்லை, அம்மா."

"எனக்கும் தெரியேல்லை. ஆரிட்டைக் கேப்பம்?"

மரியகொறற்றி காத்திருந்தாள். அவளுக்கு நேரம் நிறைய இருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"மீன் பிடிக்கப் போனது" என்றது வாங்குக்குக் கீழே இருந்து ஒரு சின்னக் குரல்.

"அட! மீன் அகப்பட்டதோ?"

"ஓம். பெரிய மீன். ஆனால் அது சப்பாத்தைத் தின்னேல்லை."

என்ன கொடுமை பாருங்கள், பிள்ளை வாய் திறந்த சந்தோசத்தை விட, தன்னிடம் திறக்காத வாய் அவளிடம் திறந்ததே என்ற பொறாமைதான் உதயகுமாரிக்கு முதலில் வந்தது.

இதற்குள் தாதி வெளியே வந்து பார்த்துவிட்டாள். அவளும் நிலத்தில் வந்து அமர்ந்தாள். சயூரன் அவளுக்கு விளையாட்டை விளக்கினான். தாதி தன் கால் செருப்பைக் கழற்றி வாங்கின் ஓரத்தில் வைத்தாள்.

"ஹம்சிகா, என் செருப்பு எங்கே போய் வந்தது?"

ஹம்சிகா செருப்பைப் பார்த்தாள், தாதியைப் பார்த்தாள். பிறகு பார்னஹாகே எனும் பாலர் பள்ளியில் பழகிய தெளிவான நோர்வே மொழியில் சொன்னாள்:

"சத்தம் போடுற பிள்ளைகளைப் பிடிக்கப் போனது."

"அப்படியா? யார் சொன்னது?"

"அம்மா. நீங்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போவீங்கள். பிறகு அம்மா வரமாட்டா."

அறையில் பிள்ளைகளோடு காத்திருந்த நோர்வேத் தாய்மார் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். உதயகுமாரிக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. தாதி அவளை ஏசவில்லை. ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு பிள்ளை பக்கம் திரும்பி, "இல்லை கண்ணே, என் செருப்பு இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போனதே இல்லை. பிள்ளைகளைப் பிடிக்கிற வேலை இங்கே யாருக்கும் இல்லை. அம்மா எப்போதும் வருவா" என்றாள்.

ஹம்சிகா வாங்குக்குக் கீழே இருந்து வெளியே வந்தாள். தாயைப் பார்த்து, "உண்மையாவோ அம்மா? நீங்கள் வருவீங்களோ?" என்று தமிழில் கேட்டாள்.

இந்தக் கேள்வியைத்தான் இத்தனை நாளும் அந்தப் பிள்ளை ரயிலிலும் கடையிலும் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறது. உதயகுமாரி வாரி எடுத்தாள். "வருவன் குஞ்சு, எப்பவும் வருவன். அம்மா சொன்னது பொய்."

சற்று நேரத்தில் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹம்சிகா தானாகவே உள்ளே போனாள். கதவு திறந்தபடி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற சத்தம் கேட்டது. மரியகொறற்றியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உதயகுமாரிக்கு இப்போது அதில் ஒரு வெற்றியும் தெரியவில்லை.

"கொறற்றி அக்கா, நான் உங்களைப் பற்றி ஒரு கதை..."

"தெரியும்" என்று இடைமறித்தாள் மரியகொறற்றி. "ஆர் கட்டின கதை எண்டும் தெரியும். பிள்ளைக்கு மருந்து பருக்கிறன் எண்டு இந்த நாட்டிலை சொன்னால் சிறுவர் நல ஆக்கள் வந்து சயூரனைப் பறிச்சுக்கொண்டு போவினம் எண்டு யோசிச்சனியோ? நானும் பிலேந்திரனும் எத்தினை நாள் அழுதனாங்கள் தெரியுமோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அது பிறகு. ஹம்சிகாவுக்காகத்தான் நிலத்திலை இருந்தனான், உனக்காக இல்லை. முதல்லை நீ சொன்ன இடத்திலை போய் உண்மையைச் சொல்லு."

உதயகுமாரி கைப்பையில் இருந்த கைபேசியை எடுத்தாள். அங்கேயே, மரியகொறற்றிக்கு முன்னாலேயே புஷ்பமலருக்கு அழைப்பு எடுத்தாள்.

"புஷ்பம், கலியாண வீட்டிலை நான் சொன்னது முழுப்பொய். கொறற்றி அக்கா ஒரு மருந்தும் குடுக்கிறேல்லை. பொறாமையிலை வாய்க்கு வந்ததைச் சொன்னனான். நீர் ஆர் ஆருக்குச் சொன்னீரோ, எல்லாரிட்டையும் என்ரை பேரைச் சொல்லியே இதையும் சொல்லும்."

மறுமுனையில் புஷ்பமலருக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "அப்ப அந்தப் பிள்ளை அப்பிடி இருக்கிறதுக்கு அவ என்னத்தைத்தான் குடுக்கிறா?"

"தன்ரை நேரத்தைக் குடுக்கிறா, புஷ்பம். நான் பயத்தைக் குடுத்தனான். இரண்டு பிள்ளையளும் சத்தம் போடாமல்தான் இருந்துதுகள். என்ரை பிள்ளை அமைதியா இருக்கேல்லை, பயந்துபோய் இருந்தது. அது தெரியாமல் நான் அடுத்தவளின்ரை பிள்ளையைப் பாத்து எரிஞ்சுகொண்டிருந்தனான். பிள்ளையளைப் பயப்பிடுத்தி இருத்தாதேயுங்கோ. பக்கத்திலை இருந்து கதையுங்கோ. அது போதும்."