அழுகையா, பாட்டா?

சக்கரவர்த்தி போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்க காலம்; பீஜிங்கில் யாரும் வழக்கம்போல முன்மண்டை மழிக்கக் கூடாது, சிவப்பு உடுத்தக் கூடாது, ஆட்டம் பாட்டம் என்று மூச்சே விடக் கூடாது. ஊரே அடங்கிக் கிடந்தது. அடங்காத ஒரே பிராணி இளவரசர் யிஷோ.

அவருக்கு நாடகப் பாட்டுப் பைத்தியம். அதுவும் ராணி வேஷத்துப் பாட்டு. தொந்தியைத் தள்ளிக்கொண்டு, கைக்குட்டையை விரலிடுக்கில் ஆட்டிக்கொண்டு, பின்கட்டில் நின்று கீச்சுக் குரலில் இழுப்பார். வில்லும் குதிரையும்தான் மஞ்சூ ராஜவம்சத்துக்கு லட்சணம்; இரண்டும் அவருக்கு ஏறவில்லை. பாட்டாவது ஏறியதா என்று கேட்டால் மனைவி சுமுரு வாயைத் திறக்க மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து திறக்கவில்லை. வேலைக்காரர்கள் மட்டும் "ஆகா" போட்டார்கள். பாவம், சோறு போடுகிற மனுஷனிடம் வேறென்ன சொல்வார்கள்?

ஒருநாள் சாயங்காலம் அடக்க முடியாமல் முழுப் பாட்டையும் பாடித் தீர்த்துவிட்டார். மறுநாள் காலையிலேயே ராஜவம்ச விசாரணை மன்றத்துப் பெரியவர் லிங்தாய் வந்து இறங்கினார். யிஷோவுக்குச் சித்தப்பா முறை. துக்கத்தில் பாடினது உறுதியானால் பட்டம் பறிபோகும், மதிலுக்குள் வருஷக்கணக்கில் அடைத்துவிடுவார்கள்.

"நேத்து உன் வீட்டுச் சத்தம் தெருவே கேட்டுச்சாம், தம்பி. பல்லக்குல போறப்ப நானும் கேட்டேன்," என்றார் லிங்தாய், தேநீரை உறிஞ்சியபடி.

சுமுரு முந்திக்கொண்டாள். "அழுதாரு மாமா! சக்கரவர்த்திய நெனச்சு நெனச்சு அழுதாரு!"

"அதானே பார்த்தேன்! அப்படி வயிறெரிஞ்சு அழுத ஆள இந்த ஊர்ல நான் பார்த்ததில்ல. அரண்மனைல சொல்லி உன் பட்டத்த ஒரு படி உசத்தச் சொல்றேன். என்ன தம்பி, அழுகைதானே?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். சுமுரு புருஷன் முதுகைக் கிள்ளினாள். மனுஷன் அசையவில்லை.

"எந்த இடத்துல அழுகை மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டார் யிஷோ.

"ஆரம்பத்துலேர்ந்தே."

"உச்சத்துல ஒரு இழுப்பு இழுத்தேனே?"

"ஐயோ, அங்கதான் ரொம்பப் பரிதாபம். யாரோ உன்ன அடிக்கறாங்களோன்னு பல்லக்க நிறுத்தச் சொன்னேன்."

"சித்தப்பா! அது பாட்டு! ராணி ராஜாவப் பிரியற பாட்டு!"

லிங்தாய் கோப்பையைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லு. அழுகைன்னா பதவி. பாட்டுன்னா ஜெயில்."

"என்னங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அழுகைன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று கெஞ்சினாள் சுமுரு.

யிஷோ அவள் பக்கம் திரும்பினார். "இத்தன வருஷமா கேக்கறியே, நீ சொல்லு. பாட்டா, அழுகையா?"

அவரைக் காப்பாற்ற வேண்டும். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "அழுகைதாங்க," என்றாள். சொன்னதும் அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்தாள்.

"பாட்டுன்னே எழுதிக்குங்க, சித்தப்பா," என்றார் யிஷோ.

சில நாளில் அரசாணை வந்தது. முற்றத்தில் எல்லாரும் மண்டியிட்டார்கள். அதிகாரி உரக்கப் படித்தான்: "துக்க காலத்தில் இளவரசர் யிஷோ தம் மாளிகையில் பாட்டுப் பாடினார். ஆகவே பட்டம் பறிக்கப்படுகிறது. மூன்று வருஷம் காவல்."

சுமுரு நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த யிஷோ அவள் காதருகே குனிந்தார். மனுஷன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"கேட்டியா? பாட்டுன்னு ராஜமுத்திரை குத்தியே அனுப்பிட்டாங்க. இனிமே நீ சொன்னதெல்லாம் செல்லாது, போ!"