சீமுர்க்கின் தலை

உப்புவெளியில் றிக்சனின் கருவாட்டு வாடியைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பொத்துவது வழமை. அவன் மனைவி ஜெசிகாவோ பதினைந்து வருசமாய் மீன் குடல் உருவுகிறவள். அன்றைக்கு அவளே வாசலில் நின்று ஓங்காளித்தாள்.

மேசையில் ஒரு கண்றாவி கிடந்தது. காய்ந்த திருக்கையில் வெட்டிய இரண்டு செட்டை, விலாங்கு வால், உடம்பெல்லாம் மீன் செதிள், மேலே பல்லை இளித்தபடி ஒரு நாய்த்தலை.

"இதுதான் சீமுர்க்," என்றான் றிக்சன், பெருமை தாங்காமல். "பழைய பாரசீகக் கதையில வாற, நாய்த்தலையோட பறக்கிற மிருகம். கைவிட்ட குழந்தையை எடுத்து வளர்த்ததாம். சிவரூபன் தன்ர கெஸ்ட் ஹவுஸ் வாசலில வைக்கக் கேட்டவர். கழுத்தை மட்டும் வடிவாத் தைச்சுத் தா."

கண் இருந்த குழியில் புழு நெளிந்தது. உப்புப் போட்டால் எதுவும் நிற்கும் என்பது கருவாட்டுக்காரனின் வேதம். பாரைமீனுக்குப் போடுகிற மாதிரியே தலைக்கும் அப்பியிருந்தான். மூளையை எடுக்கவேணும் என்று அந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஜெசிகா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். இடது காதின் நுனியில் ஒரு பிளவு தெரிந்தது. தூண்டில் கொழுக்கி கிழித்தது. அவளே மஞ்சள் பூசி ஆற்றியது.

பிள்ளையில்லாத வீட்டில் நாய் பிங்கிதான் பிள்ளை. போன கிழமை பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததைப் பார்க்கத் தைரியமில்லாமல், தாட்டுவிடச் சொல்லி இவனிடம்தான் கொடுத்தாள். பின்னேரங்களில் அந்த மண்மேட்டில் மெழுகுதிரியும் கொளுத்தினாள்.

"பிங்கியை எங்க தாட்டனீங்கள்?"

"தாழைக்குப் பக்கத்தில. சொன்னனான்தானே?"

"முழுசாவோ?"

றிக்சன் தலையைச் சொறிந்தான். "உடம்பை முழுக்கத் தாட்டனான், ஜெசி. தலையும் மண்ணுக்குள்ளதானே உக்கப்போகுது எண்டு..."

இந்தக் கைதான் ஒரு கிழமையாய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது. காறித் துப்பினாள். மீன் வெட்டும் கத்தியால் கழுத்தை அறுத்துத் தலையை எடுத்துத் தன் துவாயில் சுற்றினாள்.

"ஐயோ, சிவரூபன் பின்னேரம் வருவார்!"

"வரட்டும். கைவிட்டதை எடுத்து வளர்த்த மிருகம் எண்டு சொன்னீங்கள். குச்சவெளி பஸ்ராண்டில ஆரோ விட்டிட்டுப் போனதை நான் எடுத்து வளர்த்தனான். நீங்கள் அதைக் கருவாடு போட்டிருக்கிறீங்கள்."

தாழைப்பக்கம் நடந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ. பிறகு கையைக் கழுவுங்கோ. எவ்வளவு கழுவினாலும் இனி என்ர சோத்துப்பானையில கை வைக்காதேங்கோ."